ஆலோசனையா, உளச்சிகிச்சையா? கரிவலம்வந்தநல்லூர் வட்டாரத்தை முன்னிறுத்தி ஓர் ஆய்வு

மனத்துயரோடு இருப்பவர் ஆலோசகரை நாட வேண்டுமா, உளச்சிகிச்சையாளரை நாட வேண்டுமா என்பது, இரு தரப்பினரும் அடுத்தடுத்த தெருக்களில் பலகை மாட்டியிருக்கும் பெருநகரத்தில் எழுந்த கேள்வி. சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையில் சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், பால்வண்ணநாதர் கோயிலைச் சுற்றி வளர்ந்த கரிவலம்வந்தநல்லூரில் அதே கேள்வியைக் கேட்டால் அதன் உருவமே மாறிவிடுகிறது. 2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், அதன்பின் புதிதாகப் பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்திலும் இருந்துவரும் இவ்வட்டாரத்தில், நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை, காரணம் சொல்லத் தெரியாத அழுகை என்று ஏதேனும் தொடங்கினால் குடும்பம் முதலில் நாடுவது பெரும்பாலும் மருந்துக் கடையை. அடுத்து, ஊசி போடும் பொது மருத்துவரை. அங்கும் தீராவிட்டால் கோயிலையோ கோடாங்கியையோ. மனநல மருத்துவர் இந்த வரிசையின் கடைசியில் வருகிறார். உளச்சிகிச்சையாளர் வரிசையில் இடம்பெறாமலே போவதும் உண்டு. ஆகவே ஆலோசனைக்கும் உளச்சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு எவ்விடத்தில் ஒருவருடைய உயிரையும் ஆண்டுகளையும் காக்கும் அளவுக்கு முக்கியமாகிறது, எவ்விடத்தில் வெறும் பட்டப்பெயராக நின்றுவிடுகிறது என்பதை இவ்வூரின் நிலையிலிருந்து பார்ப்பதே பயன் தரும்.

பேச்சு வழக்கில் கவுன்சலிங் என்றும், சமூகப்பணித் துறையினரால் ஆற்றுப்படுத்தல் என்றும், ஈழத்தில் உளவளத்துணை என்றும் குறிக்கப்படும் ஆலோசனை, குறிப்பிட்ட ஒரு சிக்கலில் தடுமாறி நிற்கும் ஒருவருக்குப் பயிற்சி பெற்ற இன்னொருவர் செவிசாய்த்து, அவர் தம் நிலையைத் தெளிவாகக் கண்டு தாமே முடிவெடுக்கத் துணை நிற்கும் குறுகிய காலப் பணியாகும். தேர்வுத் தோல்வி, மணமுறிவு, நெருங்கியவரின் சாவு, கடன், வேலையிழப்பு, புதிதாகக் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி. அல்லது புற்றுநோய் ஆகியவை இதன் வழக்கமான களங்கள். தெரபி எனப்படும் உளச்சிகிச்சையோ, மனச்சோர்வு நோய், பதற்ற நோய், எண்ணச் சுழற்சி நோய், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு என்று பெயரிட்டு அடையாளம் காணக்கூடிய ஒரு கோளாற்றை மதிப்பிட்டு, அதற்கென வகுக்கப்பட்ட முறையைக் கொண்டு, பல வாரங்களோ மாதங்களோ தொடர்ந்து நடத்தப்படும் சிகிச்சை. பாடநூல்கள் தரும் இந்த இலக்கணம் சரியானதே எனினும், நடைமுறையில் இரண்டுக்கும் நடுவில் இருப்பது சுவர் அன்று, அகன்ற வரப்பு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அந்த வரப்பு எப்படி உண்டாயிற்று என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1908இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்கள் தமக்கேற்ற தொழிலைத் தேர்ந்துகொள்ள உதவும் அலுவலகம் ஒன்றைத் தொடங்கியதிலிருந்து ஆலோசனைப் பணியின் மரபு கணக்கிடப்படுகிறது. அதாவது அது பள்ளியையும் வேலைவாய்ப்பையும் சார்ந்து பிறந்தது. உளச்சிகிச்சையோ வியன்னாவில் ஃபிராய்டின் மருத்துவ அறையிலிருந்து கிளைத்து, நெடுங்காலம் மருத்துவர்களின் தனியுரிமையாகக் கருதப்பட்டது. 1942இல் இவ்விரு சொற்களையும் தலைப்பிலேயே இணைத்து நூல் எழுதிய கார்ல் ரோஜர்ஸ், மருத்துவப் பட்டம் பெறாத உளவியலாளர்கள் சிகிச்சை செய்வதாகச் சொல்லிக்கொள்வதை மனநல மருத்துவர்கள் ஏற்காத அக்காலத்தில், தாம் செய்வதை ஆலோசனை என்றே அழைத்துக்கொண்டார். அறைக்குள் நடந்தது ஏறத்தாழ ஒன்றுதான். தொழிலுரிமைப் பூசலில் போடப்பட்ட எல்லைக்கோடு பின்னாளில் அறிவியல் வகைப்பாடுபோல் பாடநூல்களில் ஏறிவிட்டது என்பதை மறவாதிருந்தால், அக்கோட்டுக்கு அளவுக்கு மீறிய மரியாதை கொடுக்கத் தேவையில்லை என்பது விளங்கும்.

ஆயினும் கோடு முற்றிலும் பொய்யன்று. எண்ணச் சுழற்சி நோயை எடுத்துக்கொண்டால் இது துலக்கமாகத் தெரியும். வீட்டு வாசலைத் தாண்டி வந்ததும் கையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்ற எண்ணம் ஒருவரை விடாது தொல்லைப்படுத்த, அவர் நாளொன்றுக்குப் பல முறை, தோல் வெடிக்கும் அளவுக்கு, சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார் என்று கொள்ளலாம். அனுதாபத்தோடு கேட்கும் ஆலோசகர் ஒருவர், கை சுத்தமாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் ஆறுதல் சொன்னால், அந்த ஆறுதலே நோயின் இன்னொரு சடங்காக மாறி நோயை வளர்த்துவிடும். இதற்கென உள்ள சிகிச்சையில் நோயாளி அஞ்சும் பொருள்களைச் சிகிச்சையாளரும் அவரும் சேர்ந்து ஏணிப்படிபோல் வரிசைப்படுத்துகிறார்கள்: கதவின் கைப்பிடி, பேருந்துக் கம்பி, செருப்பின் அடிப்பாகம் என்று அச்சம் குறைந்ததிலிருந்து மிகுந்ததுவரை. பிறகு கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்கார்ந்திருக்கச் செய்து, பதற்றம் ஏறுவதையும், கழுவாமலே அது தானாக இறங்குவதையும் அவர் தம் உடம்பாலேயே கண்டறியும்படி செய்கிறார்கள்; அது பழகியபின் அடுத்த படி. இதற்கு மதிப்பீடும் பயிற்சியும் தேவை. நல்ல மனமும் பொறுமையும் மட்டும் போதா. மாறாக, கணவனை இழந்து மூன்று மாதமான ஒரு பெண்ணின் துக்கத்துக்கு இத்தகைய முறை எதுவும் வேண்டியதில்லை. அங்கே சிகிச்சை என்ற பெயரே இயல்பான துயரத்தை நோயாக்கிவிடக் கூடும்.

தமிழ்நாட்டில் ஆலோசனை என்பதைப் புத்தி சொல்லுதல் என்று புரிந்துகொள்ளும் வழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தலைமையாசிரியர் மாணவனை அறைக்கு அழைத்து அரை மணி நேரம் கண்டிப்பதும், ஊர்ப் பெரியவர் குடிக்கும் கணவனை உட்காரவைத்து மனைவி மக்களைப் பார் என்று சொல்வதும் இன்று கவுன்சலிங் என்ற பெயரிலேயே நடக்கின்றன. இதை முழுவதும் தவறென்று ஒதுக்கவும் முடியாது. இந்தியச் சூழலில் உளச்சிகிச்சையின் அடிப்படைகள் பற்றி 1964இல் எழுதிய என். சி. சூர்யாவும் எஸ். எஸ். ஜெயராமும், இங்குள்ள நோயாளி சிகிச்சையாளரிடம் நேரடியான வழிகாட்டுதலையும் ஆதரவையும் எதிர்பார்க்கிறார் என்பதைச் சுட்டினார்கள்; 1973இல் ஜே. எஸ். நேகி, குருவுக்கும் சீடனுக்கும் உள்ள உறவையே இந்தியச் சிகிச்சைக்கு உரிய ஒரு முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்று வாதிட்டார். சிகிச்சையாளர் வாயே திறவாமல் இருப்பது இங்கே பக்குவமாகத் தெரியாது, அக்கறையின்மையாகத் தெரியும். ஆனால் குருவின் நிலையிலிருந்து வழி சொல்வதற்கும், கேட்காமலே தீர்ப்புச் சொல்வதற்கும் உள்ள தூரம் பெரிது. நம் ஊர்களில் கவுன்சலிங் என்று நடப்பதில் பெரும்பகுதி இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதே வருத்தத்துக்குரியது.

மகளிர் காவல் நிலையங்களில் நடக்கும் பேச்சுவார்த்தை இதற்கு உரிய சான்று. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டபின் இவை மாநிலமெங்கும் பரவின. அடிபட்டு வந்த மனைவியையும் அடித்த கணவனையும் ஒரே பலகையில் உட்காரவைத்து, இனி ஒழுங்காக இருப்பதாக எழுதி வாங்கி அனுப்பிவிட்டு, அதையும் கவுன்சலிங் என்று குறிப்பிடும் பழக்கம் பரவலாக உள்ளது. அது சமரசம், ஆலோசனை அன்று. வன்முறைக்கு அஞ்சும் ஒருவரை அவ்வன்முறையாளரின் முன்னிலையிலேயே மனம்விட்டுப் பேசச் சொல்வது ஆலோசனைத் துறையின் முதல் விதிக்கே மாறானது.

ஆலோசனையா உளச்சிகிச்சையா என்று கேட்பதற்கு முன்பே விடைகாண வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: இது முதலில் மருத்துவர் பார்க்க வேண்டிய நிலையா? இக்கட்டுரை அதையே முதன்மையாகக் கருதுகிறது. இல்லாத குரல்கள் கேட்பது, தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்று உறுதியாக நம்புவது, நாள்கணக்கில் தூங்காமல் அளவுமீறிய உற்சாகத்தோடு கடன் வாங்கிச் செலவழிப்பது, உண்ணாமல் பேசாமல் ஒடுங்கிக் கிடப்பது, சாக வேண்டும் என்று திட்டமிடுவது ஆகியவற்றுள் எது இருந்தாலும், அங்கே இரண்டும் முதலில் வருவதில்லை. மனநல மருத்துவரே முதலில் வர வேண்டும். மனச்சிதைவு நோய், இருதுருவ மனநிலைக் கோளாறு ஆகியவற்றுக்கு மருந்தே அடித்தளம். மருந்தால் கொந்தளிப்பு அடங்கிய பின்னர்தான் குடும்பத்தாருக்கான விளக்கமும், வேலைக்குத் திரும்பும் பயிற்சியும், பேச்சுவழிச் சிகிச்சையும் பயன்படும். மனச்சிதைவு நோய் சிகிச்சையின்றி விடப்படும் காலம் நீள நீளப் பின்விளைவு மோசமாகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளும் ஒத்துக்கொண்ட செய்தி. எனவே இந்நிலையில் உள்ளவரை மாதக்கணக்கில் தம்மிடமே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும் ஆலோசகர், எவ்வளவு நல்லவராயினும், தீங்கு செய்கிறார். இதற்கு எதிர்முனையில், நரம்புத் தளர்ச்சி என்று தாமே பெயரிட்டுக்கொண்டு வருவோரிடையே தைராய்டு குறைபாடோ இரத்தசோகையோ மறைந்திருப்பதும் உண்டு. ஓர் இரத்தப் பரிசோதனையில் தெளிந்துவிடக் கூடியதைப் பேசித் தீர்க்க முயல்வதும் பிழையே.

முதலில் யாரை நாடுவது என்ற கேள்விக்குச் சங்கரன்கோவில் வட்டாரத்தில் இன்னொரு பழைய விடை உண்டு. சங்கரநாராயணசுவாமி கோயிலில் கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்பாகத் தரையில் அமைந்துள்ள சக்கர பீடத்தில், மனம் பேதலித்தவர்களையும் பேய் பிடித்ததாகக் கருதப்படுபவர்களையும் உட்காரவைத்து வழிபட்டால் குணமாகும் என்பது நெடுநாள் நம்பிக்கை. இவ்வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களின் வரிசையில் சங்கரன்கோவிலை மண்ணுக்கும் கரிவலம்வந்தநல்லூரை நெருப்புக்கும் உரியதாகக் கொண்டு வணங்கும் இம்மக்களுக்கு, அந்தப் பீடம் மருத்துவமனையைவிட அருகில் இருக்கிறது, கட்டணம் இல்லை, அங்கே உட்கார்ந்திருப்பவரை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. சன்னதியில் உட்கார வைத்திருக்கிறோம் என்று உறவினரிடம் சொல்வதில் குடும்பத்துக்கு வெட்கமில்லை. மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம் என்று சொல்வதில்தான் இருக்கிறது. பெண் கேட்டு வருபவர்கள் இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

இத்தகைய இடங்கள் அறவே பயனற்றவை என்று சொல்வதற்குச் சான்று இடம் கொடுக்கவில்லை. ஆர். ரகுராமும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியாவில் உள்ள ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களுள் பெரும்பாலோர் மனச்சிதைவு வகை நோய் உடையவர்கள். கோயிலில் தங்கி எளிய அன்றாட வேலைகளில் ஈடுபட்ட காலத்தில் அவர்களுடைய நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அவ்வாய்வில் இல்லை என்பதால் மூர்த்தியின் அருள், ஓய்வு, குடும்பத்தாரின் பரிவு, நோயின் இயல்பான ஏற்ற இறக்கம் ஆகியவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆயினும் அடிக்காமல், கட்டாமல், கூட இருந்து சோறு போட்டுப் பார்த்துக்கொள்ளும் ஓரிடம் நோயாளிக்கு ஏதோ செய்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

மறுபக்கத்தில் ஏர்வாடி நிற்கிறது. 2001 ஆகஸ்டு 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தோரை வைத்து நடத்தப்பட்ட தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. உரிமமின்றி நடந்த காப்பகங்கள் மூடப்பட்டன. அதே ஏர்வாடியில் பின்னாளில், தர்காவுக்கு வருவோரின் தொழுகையைத் தடுக்காமலே அவர்களுக்கு மனநல மருத்துவரையும் மாத்திரையையும் கொண்டுசேர்க்கும் தவா-துவா என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. குணசீலம் கோயிலிலும் ஒரு மண்டலம் தங்கி வழிபடும் மரபோடு மருத்துவக் கவனிப்பு இணைக்கப்பட்டது. நம்பிக்கையை இழிவுபடுத்தாமல் மருத்துவத்தையும் விட்டுக்கொடுக்காத இந்த ஏற்பாடே, சங்கரன்கோவில் போன்ற ஊர்களுக்கு இதுவரை கிடைத்துள்ளவற்றுள் பொருத்தமானது.

சட்டம் இவ்விஷயத்தில் எவ்வளவு துணை செய்கிறது என்பதும் ஆராயத்தக்கது. 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசின் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்கியது. சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருத வேண்டும் என்று 115ஆம் பிரிவில் விதித்து, அவரைக் குற்றவாளியாக நடத்தும் பழைய நிலையை மாற்றியது. மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப்பணியாளர் ஆகியோரை அச்சட்டம் பெயர் சொல்லி வரையறுக்கிறது. ஆலோசகர் என்ற பெயர் அந்த வரிசையில் இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பும் படித்த மனநல மருத்துவருக்கு மருத்துவக் கவுன்சிலின் பதிவு உண்டு; மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு. உளவியலில் முதுகலைக்குப் பின் மருத்துவமனையில் இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சி பெற்று உருவான மருத்துவ உளவியலாளரை, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு செய்கிறது; அவர் மருந்து எழுதுவதில்லை, உளச்சோதனையும் உளச்சிகிச்சையும் செய்கிறார். ஆலோசகரோ இரண்டாண்டு முதுகலைப் பட்டம் பெற்றவராகவும் இருக்கலாம், தபால்வழிப் பட்டயம் பெற்றவராகவும் இருக்கலாம், சில வார இறுதிகளில் சான்றிதழ் வாங்கியவராகவும் இருக்கலாம். மூவரும் ஒரே பலகையை மாட்டலாம். 2021இல் இயற்றப்பட்ட தேசிய இணைச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ் வராத உளவியலாளர்களையும் சில வகை ஆலோசகர்களையும் நடத்தைசார் சுகாதாரப் பணியாளர் என்ற வகைக்குள் கொண்டுவந்து பதிவுக்கு வழிசெய்திருப்பது தாமதமான, ஆனால் தேவையான முயற்சி.

பதிவு பெற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அடுத்த இடர். பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதையும், நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமலே இருப்பதையும் காட்டியது. தமிழ்நாட்டில் 1990களில் திருச்சியில் முதலில் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டம் பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்து, மனநல மருத்துவர் ஒருவர் குறித்த நாள்களில் வட்ட மருத்துவமனைகளுக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இது பெரிய சாதனை. இதை ஒப்புக்கொள்ளாமல் குறை சொல்வது நேர்மையன்று. ஆனால் அந்த வருகை நாளின் புறநோயாளி வரிசை எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்: பழைய சீட்டோடு வந்தவர்கள், மாத்திரை வாங்க மட்டும் வந்த தாய்மார்கள், மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குக் காத்திருப்போர், கையைப் பிடித்து அழைத்து வரப்பட்ட புதியவர் என்று எல்லோரும் ஒரே பெஞ்சில். இத்தனை பேரையும் ஒரு காலைப்பொழுதில் பார்த்து முடிக்கும் மருத்துவரால் ஒருவருக்குச் சில நிமிடங்களுக்கு மேல் கொடுக்க முடியாது. தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாரா, மாத்திரை தவறாமல் போடுகிறாரா என்ற அளவில் பேச்சு முடிந்துவிடும். ஐம்பது நிமிட அமர்வுக்கு அங்கே நேரமும் இல்லை, தனியறையும் இல்லை.

ஒரு சிகிச்சைக்கு வாரம் ஒரு முறை வீதம் பன்னிரண்டு அமர்வுகள் என்று பாடநூல் சொல்லும்போது, சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடத்தில் ஷிப்டு அடிப்படையில் கூலி பெறும் ஒருவருக்கு அதன் பொருள் பன்னிரண்டு நாள் கூலி இழப்பு. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வருவதானால் ஒரு பகல் முழுவதும் போய்விடும். துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். அருகில் ஓர் ஆலோசகர் கிடைத்தாலும், அவர் யாரோ ஒருவருக்குச் சித்தப்பா மகனாகவோ, அதே தெருக்காரராகவோ இருப்பார். ஊர் முழுக்க உறவாக உள்ள இடத்தில் சொன்னது வெளியே போகாது என்ற உறுதியை எந்தச் சட்டப் பிரிவாலும் எளிதில் தர முடியாது. பக்கத்து ஊரைத் தாண்டி, முகம் தெரியாத ஊருக்குப் பஸ் ஏறும் குடும்பங்கள் பணம் மிகுந்து அப்படிச் செய்வதில்லை. மானத்துக்கு அஞ்சியே செய்கின்றன. இந்நிலையில் தொலைபேசிச் சேவைகளின் பயன் குறைவானதன்று. மாநிலத்தின் 104 சேவை தேர்வு முடிவுகள் வெளியாகும் காலங்களில் மாணவர்களிடம் பேசிவருகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லாததும், பஸ் ஏறத் தேவையில்லாததும் இவற்றின் பலம்.

இனி, இக்கேள்வியின் அடித்தளத்தையே அசைத்த ஓர் ஆய்வுக்கு வரலாம். விக்ரம் படேலும் சங்கத் அமைப்பினரும் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தி 2017இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், மிதமான அளவைத் தாண்டிய மனச்சோர்வு உடைய 495 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பு மேம்படுத்தப்பட்டு வழங்கப்பட்டது. மறு பிரிவினருக்கு அத்தோடு, மனநலத் துறையில் எந்தப் பட்டமும் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் அளித்தனர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 39 விழுக்காட்டினரும், ஆலோசகர்களைச் சந்தித்த பிரிவில் 64 விழுக்காட்டினரும் நோய் தணிந்திருந்தனர். அவர்கள் பயன்படுத்தியது நடத்தை ஊக்கமுறை எனப்படும் உளச்சிகிச்சை: மனச்சோர்வு வந்தவர் ஒவ்வொன்றாகக் கைவிட்ட செயல்களை, மனம் சரியாகட்டும் என்று காத்திராமல், சிறு சிறு அளவில் மீண்டும் தொடங்கச் செய்து அதன்வழி மனநிலையை மாற்றுவது. பெயரால் ஆலோசகர்கள், செய்ததோ முறையான சிகிச்சை. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய நட்புப் பெஞ்சுத் திட்டத்தில் மருத்துவமனை வளாக மரத்தடிப் பெஞ்சில் அமர்ந்து இப்படிப்பட்ட பணியைச் செய்தவர்கள் பாட்டிமார்.

இதிலிருந்து யார் வேண்டுமானாலும் சிகிச்சை செய்யலாம் என்ற முடிவுக்குத் தாவுவோர், கோவாவில் என்ன நடந்தது என்பதைப் பாதியே படித்தவர்கள். அங்கே ஆலோசகர்கள் முதலில் பயிற்சி பெற்றார்கள். எழுதப்பட்ட கையேடு ஒன்றைப் பின்பற்றினார்கள். அமர்வுகளின் ஒலிப்பதிவுகளைக் குழுவாக உட்கார்ந்து கேட்டு ஒருவருக்கொருவர் மதிப்பெண் இட்டார்கள். ஆபத்தானவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். நோயின் கடுமை மிகும்போது இந்த வழியின் எல்லையும் தெரிந்துவிடுகிறது. மனச்சிதைவு நோயாளிகளுக்குச் சமுதாயப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று உதவும் முறையைக் காஞ்சிபுரம் உட்பட மூன்று இடங்களில் சோதித்து 2014இல் லான்செட்டில் வெளியான ஆய்வில் கிடைத்த பயன் மிதமானதே. அதுவும் மருத்துவமனைச் சிகிச்சையோடு கூட்டாகச் செய்தபோது கிடைத்தது.  ஆக, ஆலோசகரின் பட்டத்தைவிட, அவருக்குப் பின்னால் யார் மேற்பார்வை செய்கிறார்கள், அவரால் இயலாததை அவர் யாரிடம் அனுப்புகிறார் என்பவையே தரத்தைத் தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பணிபுரியும் எச்.ஐ.வி. ஆலோசகர்களின் பணி இதற்கு அருகிலேயே கிடைக்கும் முன்மாதிரி: வரையறுத்த வேலை, எழுதிய நடைமுறை, இரகசியம் காக்கும் கட்டுப்பாடு, அடுத்து அனுப்ப வேண்டிய இடம் ஆகிய நான்கும் அங்கே முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கின்றன.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தனர். மாநிலங்களுள் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் இது. குடும்பச் சிக்கலும் நோயும் முதன்மைக் காரணங்களாகப் பதிவாகின்றன. குடியும் கடனும் பல இடங்களில் அவற்றோடு பின்னிக் கிடக்கின்றன. இவ்விடத்தில் ஆலோசனையும் சிகிச்சையும் மாற்று வழிகளாக நிற்பதில்லை; ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டியவையாக நிற்கின்றன. சாவு எண்ணம் மிகும் இரவைக் கடத்துவதற்குச் செவிசாய்க்கும் ஒருவர் வேண்டும். 1986இல் சென்னையில் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா அமைப்பின் தன்னார்வலர்கள் செய்துவருவது அதுவே. அடுத்த வாரங்களில் அடியில் உள்ள மனச்சோர்வுக்கோ குடிநோய்க்கோ சிகிச்சை வேண்டும். பேச்சு சம்பந்தப்படாத தடுப்பும் வேண்டும்: அதே லட்சுமி விஜயகுமார் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான இடத்தில் பூட்டிவைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார். பருத்தியும் மக்காச்சோளமும் பயிராகும் கரிவலம்வந்தநல்லூர் வட்டாரத்துக்கு அந்தப் பூட்டு எந்த உளச்சிகிச்சைக்கும் குறையாத மதிப்புடையது.

தேர்வு செய்ய வேண்டியவர் கையில் உள்ள அளவுகோல்கள், இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டால், நோயின் இயல்பிலிருந்து தொடங்குகின்றன. துயரத்துக்குக் காரணம் கண்முன் தெரிந்து, தூக்கமும் உணவும் வேலையும் பெரிதும் கெடாமல், சில வாரங்களே ஆகியிருந்தால் ஆலோசகரே போதும். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் ஒடுங்கி வேலை நின்றுபோனாலோ, அச்சமோ சடங்கோ நாளின் பெரும்பகுதியை விழுங்கினாலோ, பழைய வன்கொடுமையோ விபத்தோ கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வந்தாலோ, முறை தெரிந்த உளச்சிகிச்சையாளர் வேண்டும். அவர் அருகில் இல்லையெனில் வட்ட மருத்துவமனையின் மனநல நாளில் மதிப்பீட்டைத் தொடங்கலாம், மாத்திரையோடு பேச்சுக்கும் வழி கேட்கலாம். குரல், சந்தேகம், கட்டுக்கடங்கா உற்சாகம், சாவு எண்ணம் எனில் எந்த ஆலோசனை மையத்தின் வாசலிலும் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்கே போக வேண்டும்.

யாரிடம் போனாலும், முதல் சந்திப்பிலேயே அவர் என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார், எத்தனை அமர்வு தேவைப்படும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கட்டணம், தம்மால் முடியாதபோது யாரிடம் அனுப்புவார் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. மருத்துவரைக் கேள்வி கேட்டுப் பழகாத குடும்பத்துக்கு இது எளிதன்று. சீட்டு எழுதிக் கொடுப்பவர் முன் கைகட்டி நிற்கும் வழக்கம் ஒரே நாளில் மாறாது. கடைசிக் கேள்விக்கு உடனே ஒரு மருத்துவரின் பெயரையோ மருத்துவமனையின் பெயரையோ சொல்ல முடியாதவரிடம் தொடர்ந்து போகாதிருப்பதே நல்லது. தம்மை மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரின் பெயரை மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் கைபேசியிலேயே தேடிப் பார்க்கலாம். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று இருந்தால் அதற்குச் சில நிமிடம் போதும். ஆலோசகர்களைப் பொறுத்தவரை, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான பதிவு முழுமை பெறும்வரை, அவர்கள் காட்டும் சான்றிதழையும், அவர்களிடம் முன்பு போய்வந்தவர்களின் சொல்லையும் கொண்டே குடும்பங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.